மின்சாரமா? பெட்ரோலா? – வளாக வண்டி வாங்குமுன் அறிய வேண்டியவை

மதுரை ரயில் நிலையத்தில் இறங்கியவர்கள், பிளாட்பாரத்தின் மீது முதியோரையும் நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு சத்தமின்றி ஊர்ந்து வரும் சிறு வண்டியைக் கண்டிருப்பார்கள். ஸ்ரீரங்கம் கோவிலிலும், வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும் அதே வண்டி ஓடுகிறது. பழனியில் 2024-ஆம் ஆண்டு கிரிவீதியில் தனியார் வாகனங்கள் தடை செய்யப்பட்ட பின், பக்தர்களைச் சுமப்பதும் இவ்வகை வண்டியே. மக்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘பேட்டரி கார்’. இதன் பூர்வீகப் பெயரோ ‘கோல்ஃப் கார்ட்’ என்பதாகும்.

பரந்த வளாகமுள்ள பள்ளிகள், மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள் பலவற்றில் இப்போது “நாமும் ஒன்று வாங்கினால் என்ன?” என்ற பேச்சு எழுகிறது. காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊரில் இவ்வண்டியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, மின்சாரத்தில் ஓடுவது நல்லதா, பெட்ரோலில் ஓடுவது நல்லதா, வாங்கியபின் எவ்வாறு காப்பது என்பவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

வண்டி பிறந்த கதை

கோல்ஃப் என்பது ஸ்காட்லாந்து நாட்டில் வளர்ந்த பந்தாட்டம். நம் மாநிலத்தில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சென்னையிலும் இதற்கான மைதானங்கள் உள்ளன. ஆட்டக்காரர் பந்தைப் பின்தொடர்ந்து பல கிலோமீட்டர் நடக்க வேண்டும். 1930-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வாழ்ந்த லைமன் பீச்சர் என்பவர் மூட்டுவாதத்தால் நடக்க இயலாமற் போனபோது, தமக்கென்று ஒரு மின்வண்டியைச் செய்துகொண்டார் என்பர். பின்னர் இவ்வண்டிகள் தொழிற்சாலைகளில் உற்பத்தியாகத் தொடங்கின. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் 1954-ஆம் ஆண்டு தோன்றிய ‘ஈ-ஸி-கோ’ நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது.

நடக்க இயலாதவர்களுக்கு உதவும் பொருட்டே இவ்வண்டி முதலில் வழக்கத்திற்கு வந்தது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஆண்டுவிழாவன்று சிறப்பு விருந்தினரை வாசலிலிருந்து மேடைவரை அழைத்து வருவதற்கு மட்டும் இதை வாங்குவது வீண் செலவு. காலில் குறையுள்ள ஒரு மாணவி முதல் மணி அடிக்குமுன் மூச்சிரைக்காமல் வகுப்பறைக்கு வந்து சேர்வதும், முதிய அருட்சகோதரி ஒருவர் பிறர் தோளைப் பற்றாமல் சிற்றாலயம் சென்று திரும்புவதும், திடீரென மயங்கி விழுந்த சிறுமியை விரைவில் வாயிலுக்குக் கொண்டு வருவதுமே இவ்வண்டியின் உண்மையான பயன்கள்.

‘கேஸ்’ என்றால் என்ன?

அமெரிக்கப் புத்தகங்களில் ‘கேஸ் வண்டி’ என்று படிக்கும் நம் மாணவியர், சமையல் எரிவாயு சிலிண்டரில் ஓடும் வண்டியோ என்று எண்ணக்கூடும். அமெரிக்கர் பெட்ரோலை ‘கேஸலின்’ என்றும், சுருக்கமாக ‘கேஸ்’ என்றும் அழைக்கின்றனர். ஆகவே கேஸ் வண்டி என்பது பெட்ரோல் வண்டியே.

பெட்ரோல் வண்டியின் பெரிய வசதி, தொட்டி காலியானால் ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு புறப்படலாம் என்பது. நெடுந்தூரமும் மேடும் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் அதற்கு இரைச்சல் உண்டு, புகை உண்டு. அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நஞ்சாகும். ஆகையால் மூடிய வராந்தாக்களிலும் நோயாளிகள் படுத்திருக்கும் இடத்தருகிலும் அதை ஓட்டுதல் கூடாது. என்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி, பெல்ட் ஆகியவற்றைக் காலந்தோறும் மாற்றவும் வேண்டும்.

மின்வண்டியில் இவை ஒன்றும் இல்லை. மின்கல அடுக்கு, மோட்டார், மோட்டாருக்கு வேண்டிய அளவு மின்சாரத்தை விடும் கண்ட்ரோலர், சார்ஜர் ஆகிய நான்குமே அதன் முக்கிய உறுப்புகள். பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் சக்கரத்தைச் சேரும்; எஞ்சியது வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். மின்மோட்டாரோ தனக்குக் கிடைத்த ஆற்றலின் பெரும்பகுதியை இயக்கமாக மாற்றுகிறது. நம் நாட்டுச் சந்தையில் இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுவனவாகவே கிடைக்கின்றன என்பதும் கவனிக்கத்தக்கது.

ஒரு சிறு கணக்கு

“மின்சாரம் மலிவு; எனவே மின்வண்டியே சிக்கனம்” என்று சிலர் உடனே தீர்ப்புக் கூறிவிடுவர். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோமே! கீழ்வரும் தொகைகள் கணக்கின் வழியைக் காட்டுவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. வாங்குவோர் தமக்குக் கிடைத்த விலைப்பட்டியலின்படி மாற்றிக்கொள்க.

ஆறு பேர் அமரும் வண்டி ஒரு நாளில் 20 கிலோமீட்டர் ஓடுவதாகவும், ஆண்டில் 250 நாள் உழைப்பதாகவும் கொள்வோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தந்தால், லிட்டர் 100 ரூபாய் வீதம் நாளொன்றுக்குச் சுமார் 167 ரூபாய் ஆகும். மின்வண்டிக்கு அதே தூரத்திற்குச் சார்ஜரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து 4 யூனிட் செலவானால், யூனிட் 8 ரூபாய் வீதம் 32 ரூபாய் மட்டுமே. வேறுபாடு 135 ரூபாய்!

ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. மின்கல அடுக்கு தேய்ந்துபோகும் பொருள். புதிய அடுக்கின் விலை 80,000 ரூபாய் என்றும், அது 4 ஆண்டு உழைக்கும் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 20,000 ரூபாய். நாளொன்றுக்கு 80 ரூபாய். அதைச் சேர்த்தால் மின்வண்டியின் அன்றாடச் செலவு 112 ரூபாய். அப்போதும் அதுவே சிக்கனம்.

அதே மின்கல அடுக்கு கவனிப்பாரின்றி 2 ஆண்டிலேயே செத்துவிட்டால்? நாளொன்றுக்கு 160 ரூபாய் அதற்கே போய்விடும். மின்சாரத்தையும் சேர்த்தால் 192 ரூபாய். இப்போது பெட்ரோல் வண்டியின் எரிபொருள் செலவையும் அது மிஞ்சிவிட்டது! வண்டி அதே வண்டி. சாலை அதே சாலை. மாறியது கவனிப்பு ஒன்றே. ஆகவே மின்சாரமா பெட்ரோலா என்ற கேள்விக்கு விடை காணுமுன், அதைக் கவனிக்கப் போகிறவர் யார் என்ற கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்.

மின்கலத்தின் உள்ளே

விஞ்ஞானப் பாடத்தில் நாம் படிக்கும் ஈய-அமில மின்கலமே பெரும்பாலான வண்டிகளில் இருப்பது. ஒரு தகடு ஈயம். மற்றொன்று ஈய டை-ஆக்சைடு. இடையில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் செலவாகும்போது இருவகைத் தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் செய்யும்போது இவை பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

ஒரு கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 வோல்ட். மூன்று கலங்கள் சேர்ந்தது 6 வோல்ட் பேட்டரி. அத்தகைய எட்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட் கிடைக்கும். அதன் கொள்ளளவு 150 ஆம்பியர்-மணி எனில், 48 × 150 = 7,200 வாட்-மணி, அதாவது 7.2 யூனிட். இதில் பாதியளவு செலவானதும் மறுபடி சார்ஜ் செய்தால் பேட்டரி நெடுநாள் உழைக்கும். அடிவரை வற்றவிட்டால் ஆயுள் குறையும். வற்றிய நிலையில் கோடை விடுமுறை முழுவதும் கிடக்கவிட்டாலோ, சல்ஃபேட் இறுகிப்போய்ப் பழைய நிலைக்குத் திரும்பாது. பள்ளிகளில் இதுவே பெரிய ஆபத்து. ஏப்ரலில் வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு ஜூனில் திறப்பவர்கள் செத்த பேட்டரியையே காண்பார்கள். எனவே விடுமுறையிலும் குறித்த நாட்களில் அதைச் சார்ஜ் செய்ய ஓர் ஆள் வேண்டும்.

பேட்டரியின் நிலையை அறிய ஹைட்ரோமீட்டர் எனப்படும் நீர்மமானி உதவும். முழுச் சார்ஜில் அமிலத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.28 இருக்கும், வற்றியபோது 1.12 அளவுக்கு இறங்கும். நீர்மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். கடற்கரை ஊர்க் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதிலுள்ள குளோரைடு தகடுகளை அரித்துவிடும். குழாய்த் தண்ணீரும் ஆகாது. தகடுகள் வெளியே தெரியாத அளவு நீர் இருந்தால், சார்ஜ் முடிந்தபின் ஊற்றுவதே முறை. முன்னதாக நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும்.

சார்ஜ் செய்யும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அது எளிதில் வெடிக்கக்கூடியது. ஆகவே சார்ஜ் செய்யும் கொட்டகை காற்றோட்டமாக இருத்தல் வேண்டும். அங்கே விளக்கோ தீக்குச்சியோ கூடாது. சிறுமியர் விளையாடவும் கூடாது.

இப்போது லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் மின்கலங்களும் வந்துவிட்டன. ஈய-அமில பேட்டரி பராமரிப்பைப் பொறுத்து 500 முதல் 1,000 முறை சார்ஜ் தாங்கும் எனில், இவை 2,000 முறைக்கு மேலும் தாங்கும். எடை குறைவு, தண்ணீர் ஊற்றும் வேலையில்லை. விலை அதிகம். இவற்றுக்கு உரிய சார்ஜர் தனி. பழைய சார்ஜரை மாட்டக் கூடாது. நாள்தோறும் பேட்டரியைப் பார்க்க ஆளில்லாத நிறுவனத்திற்கு, கூடுதல் விலை கொடுத்தாலும் இதுவே முடிவில் லாபமாக அமையலாம்.

உப்புக்காற்றும் மணலும்

ஊட்டியின் புல்தரைக்கு ஏற்ற வண்டி நம் கரைக்கும் ஏற்றது என்று எண்ணிவிடலாகாது. கொம்புத்துறை, சிங்கித்துறைப் பக்கம் வாழ்பவர்களைக் கேட்டால் தெரியும்: கடற்காற்று சைக்கிளையும் ஜன்னல் கம்பியையும் எத்தனை விரைவில் துருப்பிடிக்கச் செய்கிறது! எனவே அலுமினிய அடிச்சட்டமோ, துத்தநாகப் பூச்சுள்ள இரும்புச் சட்டமோ உள்ள வண்டியை வாங்குதல் நன்று. கண்ட்ரோலர் நீர் புகாதவாறு மூடப்பட்டதா என்று கேட்க வேண்டும். பேட்டரி முனைகளில் வாஸ்லின் தடவி வைத்தால் களிம்பு பிடிக்காது. வழிந்த அமிலத்தை ஆப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்துவிடலாம்; அந்நீர் கலத்தின் உள்ளே போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும்.

மணலும் ஒரு சத்துரு. தேரி மணலில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அதன் இழுப்புத் தெரியும். மணலில் ஓடும் மின்வண்டி, சிமெண்டுத் தரையில் ஓடுவதைவிட அதிக மின்சாரம் தின்னும், மோட்டாரும் சூடேறும். வளாகத்தில் கல் பாவிய பாதை இல்லையெனில், முதலில் பாதை போட்டுவிட்டுப் பிறகு வண்டி வாங்குவதே முறை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இவ்வட்டாரத்தில் யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. மாவட்டத்தின் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இந்த வண்டிகளில் பேட்டரி இருக்கைக்கு அடியில், தரைக்கு அண்மையில் இருக்கிறது. எனவே கொட்டகையின் தளத்தை உயர்த்திக் கட்டுவதும், மழை எச்சரிக்கை வந்தவுடன் முழுச் சார்ஜ் செய்து சார்ஜரைக் கழற்றி மேட்டில் வைப்பதும் அவசியம். தண்ணீரில் மூழ்கிய வண்டியை, மெக்கானிக் பார்க்குமுன் ஒருபோதும் இயக்கக் கூடாது.

காயல் துறைமுகம் தரும் பாடம்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, நம் தாமிரபரணி முகத்துவாரத்திலிருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், கிஸ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கள் இங்கே நின்றன. அரசர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும் பொன் கொடுத்து வாங்குவாராம். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சாதாம்! காரணம் என்ன? குதிரையைப் பேணும் முறை இங்குள்ளவர்க்குத் தெரியவில்லை. லாடம் கட்டி வைத்தியம் பார்ப்பவரும் இல்லை. வணிகர்களோ அத்தகைய ஆட்களைத் தாமும் அழைத்து வருவதில்லை. பிறர் வரவும் விடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்! பயணி சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். ஆயினும் இதிலுள்ள பாடம் மிகையன்று.

விற்பவரிடம் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. பழுது பார்ப்பவர் தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ இருக்கிறாரா? அழைத்தால் எத்தனை நாளில் வருவார்? இதை எழுத்தில் தருவீர்களா?

2. பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? கண்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் எத்தனை?

3. பேட்டரி எந்த மாதம் தயாரானது? கடையில் நெடுநாள் கிடந்த பேட்டரி புதியதாகாது.

4. டயர், பிரேக் ஷூ, சார்ஜர் முதலிய உதிரிபாகங்கள் எங்கே கிடைக்கும்?

5. எங்கள் ஓட்டுநருக்கும் காவலாளிக்கும் நீங்களே பயிற்சி தருவீர்களா?

6. முழு ஆட்களை ஏற்றி, எங்கள் வளாகத்திலேயே ஓட்டிக் காட்டுவீர்களா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. ஆறு பேர் என்றால் ஏறக்குறைய 360 கிலோ எடை. ஆளில்லாமல் சிட்டாய்ப் பறக்கும் வண்டி, ஆள் ஏறியதும் சாய்வில் திணறலாம். ஓட்டிப் பார்க்கும் நாளில், யாருக்காக வண்டி வாங்குகிறோமோ அவரையே ஏற்றிப் பார்க்க வேண்டும். படி உயரமாக இருக்கிறதா? பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? ஊன்றுகோலை எங்கே வைப்பது? சக்கர நாற்காலியோடு ஏற முடியுமா? முழங்கால் வலியுள்ள ஒருவர் ஏற முடியாத வண்டி, எத்தனை அழகாயிருந்தாலும் வேண்டாம்.

சட்டமும் பாதுகாப்பும்

வேலி சூழ்ந்த வளாகத்திற்குள் மட்டுமே ஓடுவதற்கென அமைந்த தனிவகை வண்டியை, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனம் என்ற வரையறையில் சேர்ப்பதில்லை. ஆனால் வாயிலைத் தாண்டிப் பொதுச்சாலையில் கால் வைத்தால் கதை வேறு. பள்ளி சாலையின் இந்தப் பக்கமும், விடுதி அந்தப் பக்கமும் இருந்தால், அந்தச் சிறு தூரமும் சாலையே. அத்தகைய நிலையில் பதிவு பெற்ற வாகனம் வேண்டுமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்தபின் பணத்தைக் கட்டுங்கள். விபத்துக் காப்பீட்டையும் மறந்துவிட வேண்டாம்.

சத்தமில்லாமை மின்வண்டியின் பெருமை. அதுவே அதன் அபாயமும்கூட. இடைவேளையில் ஓடிப்பிடித்து விளையாடும் சிறுமிக்குப் பின்னால் வண்டி வருவது தெரியாது. ஆகவே மணியோ ஹாரனோ, பின்னோக்கி வரும்போது ஒலிக்கும் எச்சரிக்கையோ கட்டாயம் வேண்டும். நடை வேகத்திற்குச் சற்று மேல் போகாதபடி வேகத்தைக் கட்டுப்படுத்திவிடலாம். நின்றுகொண்டோ, கால்களை வெளியே தொங்கவிட்டோ பயணம் செய்யக் கூடாது. சாவி எப்போதும் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

முடிவாக

வேலியிட்ட வளாகம், சமமான பாதை, நாளொன்றுக்குச் சில மணி நேர ஓட்டம், அருகில் குழந்தைகளும் முதியோரும் – இந்நிலைகளுக்கு மின்வண்டியே தகுந்தது எனத் துணிந்து கூறலாம். மின்சாரமே எட்டாத பண்ணைகளுக்கும், இடைவிடாது நெடுந்தூரம் ஓட வேண்டிய இடங்களுக்கும் பெட்ரோல் வண்டி பொருந்தும். எதை வாங்கினாலும், வாங்கும் நாளிலேயே பேட்டரிக்கென்று ஒரு குறிப்பேடு திறந்து, வாரந்தோறும் நீர்மட்டம், ஒப்படர்த்தி, ஓடிய தூரம் ஆகியவற்றை எழுதி வர ஒருவரை நியமித்துவிட வேண்டும். அடுத்த பேட்டரிக்கென மாதந்தோறும் சிறுதொகை ஒதுக்கி வைப்பதும் அறிவுடைமை.

மாணவியரே, இவையெல்லாம் ஆண்கள் பார்க்கும் மெக்கானிக் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். கோயம்புத்தூரில் 2008-ஆம் ஆண்டு ‘ஆம்பியர்’ என்னும் மின்வாகன நிறுவனத்தைத் தொடங்கியவர் ஹேமலதா அண்ணாமலை என்ற தமிழ்ப் பெண்மணி. நம் தூத்துக்குடியிலேயே 2025 ஆகஸ்டு மாதம் வியட்நாம் நாட்டு ‘வின்ஃபாஸ்ட்’ நிறுவனத்தின் மின்கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டிருக்கிறது. அன்று காயல் கரைக்கு வராமற்போன பேணும் கலையை இன்று நாம் இங்கேயே கற்றுக்கொள்ளலாம். மேல்வகுப்பு மாணவியர், ஆசிரியை உடனிருக்க, கண்ணாடியும் கையுறையும் அணிந்து வாரம் ஒருமுறை நீர்மமானியைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதலாம். பாடப்புத்தகத்தில் படித்த ஈய-அமில மின்கலம் அப்போது நன்றாக மனத்தில் பதியும். முதல் மணிக்கு முன் வாயிலில் காத்திருக்கும் தோழிக்கு வண்டியும் தவறாமல் வந்து நிற்கும்.